கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் ஆய்வுகள்: பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சைக்கு வரும் பெண்களோடு சில வருஷங்களாக ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போய்வருகிறேன். ஓ.பி. சீட்டு எடுப்பது, ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குவது, டாக்டர் சொன்னதை வெளியே வந்து நிதானமாகத் திரும்பச் சொல்வது, இதெல்லாம் என் வேலை. நான் டாக்டர் இல்லை.

"உங்களை ஒரு டிரையல்ல சேர்க்கலாம்னு பாக்குறோம்" என்று டாக்டர் சொன்னதும் பெண்களின் முகம் மாறிவிடும். சேர்க்க முடியாது என்று சொன்னாலும் மாறும். இரண்டு நேரத்திலும் எழும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அவரவர் சிகிச்சை பற்றிய முடிவை அவரவர் டாக்டரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

1. டிரையல்னா என்னங்க? எங்களை வச்சு சோதிச்சுப் பாக்குறாங்களா?

ஒரு சிகிச்சை இப்போது இருப்பதைவிட நல்லதா, அதே பலனைக் குறைந்த தொந்தரவோடு தருமா என்று மனிதர்களிடம் முறைப்படி பார்ப்பதுதான் மருத்துவ ஆய்வு. எல்லா ஆய்வும் புது மருந்து பற்றியது அல்ல. கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கும் முறையை மாற்றிப் பார்ப்பது, பழைய மருந்தை வேறு வரிசையில் கொடுப்பது, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வழிகளை ஒப்பிடுவது எல்லாமே ஆய்வுதான்.

ஆமாம், சோதித்துத்தான் பார்க்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இன்று உங்களுக்கு வைக்கும் கரண்ட், போடும் கீமோ, இந்த நோயை வரவழைக்கும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கு எதிராகப் பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் போடும் தடுப்பூசி எல்லாம் முன்பு யாரோ சில பெண்கள் ஆய்வில் சேர்ந்ததால் வந்தவை. அந்தப் பெண்களைக் கேட்டுச் சேர்த்தார்களா, அதில் யார் இருந்தார்கள், யார் விடுபட்டார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

2. பாதிப் பேருக்கு வெறும் தண்ணி ஊசி போட்டு ஏமாத்துவாங்களாமே?

புற்றுநோய்க்குச் சரியான சிகிச்சை ஏற்கனவே இருக்கும்போது அதைக் கொடுக்காமல் வெறும் ஊசி மட்டும் போடக் கூடாது. எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. அதற்கு மேல் ஒரு பகுதியினருக்குப் புது மருந்தும், இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத ஊசியும் போவது உண்டு. பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி (உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே நோயோடு போராட வைக்கும்) மருந்தை 1,060 பெண்களிடம் ஆராய்ந்தபோது இப்படித்தான் செய்தார்கள். கரண்டும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தும் இரண்டு பக்கத்துக்கும் கிடைத்தன.

யார் எந்தப் பக்கம் என்பதைக் கணினி குலுக்கல் போட்டு முடிவு செய்யும். வசதியானவருக்கு ஒன்று, இல்லாதவருக்கு ஒன்று என்று டாக்டரே பிரித்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

3. கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் மாற முடியாதா? எனக்குப் படிக்கவே தெரியாதே.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாது.

இந்தியாவில் புது மருந்து ஆய்வுகளுக்கு 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் பொருந்தும். அதன்படி ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் முழுவதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் கைரேகை வாங்கலாம். ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். அதில் டாக்டரையும், ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழுவையும் தொடர்புகொள்ளும் விவரம் இருக்கும். நலிந்த நிலையில் இருப்பவர்களைப் புத்தம்புது மருந்து ஆய்வில் சேர்க்கும்போது ஒப்புதல் வாங்குவதை வீடியோவில் பதிவு செய்யவும் வேண்டும்.

விதி இப்படி. நடப்பில் ஒருமுறை பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்துப் பதினைந்து பக்கப் படிவத்தை ஒரு பாட்டியிடம் நீட்டி, "இது உங்க நல்லதுக்குத்தான், இங்க கைநாட்டு வைங்க" என்றார்கள். தமிழ்ப் படிவம்தான். ஆனால் அந்தத் தமிழ் எனக்கே இரண்டு முறை வாசித்த பிறகுதான் பிடிபட்டது. "குருட்டாக்கப்பட்ட ஆய்வு" என்ற வரியை வாசித்ததும் பாட்டி கண்ணைப் பற்றி விசாரித்தார். யாருக்கு எந்த மருந்து போகிறது என்று டாக்டருக்கும் நோயாளிக்கும் தெரியாது என்பதைத்தான் அப்படி எழுதியிருந்தார்கள். மொழிபெயர்த்தால் மட்டும் போதாது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்குப் புரிய வேண்டும். புரியும்வரை கைநாட்டு வைக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு மறுநாள் வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

4. கேன்சர் எல்லாருக்கும் ஒண்ணுதானே? யாரை வச்சு ஆராய்ச்சி பண்ணினா என்ன?

நான் அதிகம் யோசித்தது இந்தக் கேள்வியைத்தான். 2022-ல் உலகம் முழுவதும் சுமார் 6,60,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது. சுமார் 3,50,000 பேர் இறந்தார்கள். அந்த இறப்புகளில் 94 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில். இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 1,27,000 புதிய நோயாளிகள், 80,000 இறப்புகள். இந்த நாடுகளின் பெண்கள் ஆய்வுகளிலும் அதே அளவுக்கு இருக்கிறார்களா என்றால், இல்லை.

அதனால் என்ன குறைந்துவிடும் என்பதற்கு ஓர் உதாரணம். கரண்டோடு சிஸ்பிளாட்டினையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 1999-ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அறிவித்தது. ஐந்து ஆய்வுகளின் முடிவு அது. ஆனால் நம் ஊரில் பலர் இடுப்பெலும்புப் பக்கம்வரை கட்டி பரவிய மூன்றாம் ஸ்டேஜில், ரத்தம் குறைந்து, உடம்பு இளைத்துத்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் அது பலன் தருமா, உடம்பு தாங்குமா என்ற சந்தேகம் தீரவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை அந்த ஸ்டேஜில் உள்ள 850 பெண்களை மட்டும் வைத்து ஆராய்ந்து 2018-ல் விடை சொன்னது. ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் கரண்ட் மட்டும் பெற்றவர்களில் 46 சதவீதம், சிஸ்பிளாட்டினும் சேர்ந்தவர்களில் 54 சதவீதம். 1999-ல் எழுந்த கேள்விக்கு விடை வர ஏறக்குறைய இருபது வருடம் ஆயிற்று.

அண்மைக் காலத்தில் பேசப்படும் இன்டர்லேஸ் ஆய்வையும் சொல்ல வேண்டும். கரண்டுக்கு முன் ஆறு வாரம் இரண்டு பழைய, விலை குறைந்த கீமோ மருந்துகளைக் கொடுத்தார்கள். ஐந்து வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 72 சதவீதத்திலிருந்து 80 சதவீதமாக உயர்ந்தார்கள். நமக்குக் கட்டுப்படியாகும் வழி என்பதால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பிரிட்டன், மெக்சிகோ, இந்தியா, இத்தாலி, பிரேசில் என்று ஐந்து நாடுகளில் 500 பெண்கள் சேர்ந்தார்கள். ஆனால் பெரும்பகுதியினர் பிரிட்டனைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலோர் இரண்டாம் ஸ்டேஜ். மூன்றாம் ஸ்டேஜில் வரும் நம் பெண்ணுக்கு இது அப்படியே பொருந்துமா என்று டாக்டர்கள் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். முன்பு சொன்ன அதே சிக்கல்.

இன்னொன்று. சர்வதேச ஆய்வுகளின் அட்டவணையில் "ஆசியர்" என்று ஒரு கட்டம் இருக்கும். டோக்கியோவில் வேலை பார்க்கும் பெண்ணும் ஆண்டிபட்டியில் களை எடுக்கும் பெண்ணும் அந்த ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். என்ன படிப்பு, என்ன வருமானம், எத்தனை கிலோமீட்டர் தாண்டி வந்தார் என்பதைக் கேட்டு எழுதாதவரை, யார் விடுபட்டார்கள் என்பதே வெளியே தெரியாது.

5. எங்க அக்காவுக்கு கிரியாட்டினின் ஜாஸ்தின்னு சேர்க்கலை. நோய் முத்தினவங்களை ஏன் ஒதுக்குறாங்க?

கட்டி பெரிதானால் சிறுநீர்க் குழாயை அழுத்தும். சிறுநீர் இறங்காமல் சிறுநீரகம் வீங்கி, கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறும். சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து. அதனால் சிறுநீரகம் ஓரளவுக்கு மேல் வேலை செய்தால்தான் சேர்ப்போம் என்று வைக்கிறார்கள். இதில் நியாயம் உண்டு, உங்கள் அக்காவின் பாதுகாப்புக்கும் அது தேவை.

ஆனால் விளைவைப் பாருங்கள். கிரியாட்டினின் ஏறுவது தாமதமாக வந்ததால். தாமதம் பெரும்பாலும் வறுமையால், தூரத்தால், "அந்த இடத்தை"க் காட்டக் கூச்சப்பட்டதால். ரத்தம் குறைவு, நடமாட்டம் குறைவு என்ற மற்ற நிபந்தனைகளும் அதே பெண்களைத்தான் வெளியே தள்ளுகின்றன. யாரும் ஏழைகளை ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் யார் மிஞ்சுகிறார் என்று தெரிந்துவிடும்.

வழி இருக்கிறது. அடைப்புக்குக் குழாய் வைத்துச் சிறுநீரகம் தேறிய பிறகு மறுபடி பார்க்கலாம். ரத்தம் ஏற்றி இரண்டு வாரம் அவகாசம் கொடுக்கலாம். சிஸ்பிளாட்டின் தாங்காதவர்களுக்கென்றே தனி ஆய்வு வைக்கலாம். பழைய படிவத்திலிருந்து நிபந்தனைகளைப் பழக்கத்தில் அப்படியே எடுத்து எழுதுவதை விட்டு, ஒவ்வொன்றும் உண்மையிலேயே தேவையா என்று பார்க்கும்படி அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமே 2017-ல் பரிந்துரைத்தது. அக்காவுக்காக டாக்டரிடம் கேளுங்கள்: "இது சரியானா மறுபடி பாப்பீங்களா?"

6. எச்.ஐ.வி. இருக்கிறவங்களைச் சேர்க்கவே மாட்டாங்களா?

நீண்ட காலம் சேர்க்கவில்லை. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு. நோய் அதிகம் தாக்கும் ஆட்களை ஆய்வின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். உடம்பு தாங்காது என்பது சொல்லப்பட்ட காரணம். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் நல்ல ஏ.ஆர்.டி. மருந்துகள் வந்த பிறகும் அந்த வரி படிவங்களில் தொடர்ந்தது.

சிம்பாப்வேயிலும் தென்னாப்பிரிக்காவிலும் எச்.ஐ.வி. உள்ள பெண்களை மட்டும் சேர்த்து, கரண்டும் சிஸ்பிளாட்டினும் சேர்ந்த சிகிச்சையை ஒரு சிறிய ஆய்வில் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் முழுச் சிகிச்சையையும் முடித்தார்கள். முந்தைய பதிலில் சொன்ன நிபந்தனைத் தளர்வில் இதுவும் உண்டு. நோய் கட்டுக்குள் இருந்தால் சேர்க்கலாம் என்பதுதான் இப்போதைய பரிந்துரை. சேர்க்கவில்லை என்றால் ஏன் என்று கேட்கலாம்.

7. எனக்கு அறுபத்தெட்டு வயசு. இனிமே எனக்கு எதுக்கு ஆராய்ச்சி?

வயதை மட்டும் வைத்து யாரையும் ஒதுக்கக் கூடாது. வயதானவர்களை விட்டுவிட்டு ஆராய்ந்த மருந்தைப் பிறகு வயதானவர்களுக்கும்தான் கொடுக்கிறார்கள், அளவு தெரியாமல். அறுபத்தெட்டு ஒரு காரணமே இல்லை, அம்மா.

8. தினமும் பஸ்ல போய் வரணும். கூலியும் போச்சு. அந்தக் காசை யார் குடுப்பா?

கரண்ட் வழக்கமாக ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் இருபத்தைந்து முறை. அப்புறம் உள்ளே வைக்கும் கரண்ட் சில தடவை. எல்லாம் எட்டு வாரத்துக்குள் முடிந்தால்தான் முழுப் பலன். ஆய்வில் சேர்ந்தால் கூடுதல் ஸ்கேன், கூடுதல் ரத்தப் பரிசோதனை, பல வருடம் செக்கப். துணைக்கு வருபவரின் கூலியும் சேர்ந்து போகிறது. ஆடு மாட்டை யார் பார்ப்பது, பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு யார் சோறு போடுவது என்பதெல்லாம் எந்தப் படிவத்திலும் இல்லை.

போக்குவரத்துச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் ஆய்வு நடத்துபவர் திருப்பித் தரலாம். நெறிமுறைக் குழு அதை ஒப்புக்கொள்ளும். காசுக்காகவே ஒருவர் ஆபத்தான ஆய்வில் சேர்ந்துவிடக் கூடாது என்ற கவலையால் பெரிய தொகை தர மாட்டார்கள். அந்தக் கவலை சரிதான், ஆனால் அதைச் சாக்காக வைத்துப் பஸ் காசைக்கூடக் கொடுக்காமல் இருப்பது அநியாயம். தன் கைக்காசைப் போட்டு வரக்கூடியவர் மட்டுமே சேரமுடியும் என்றால், நான்காவது கேள்வியில் சொன்ன ஆண்டிபட்டிப் பெண் முதல் வாரத்திலேயே காணாமல் போவார்.

எனக்குத் தெரிந்தவரை அதிகம் பலன் தருவது மூன்று. ஆஸ்பத்திரி பக்கத்தில் தங்க இடம், செக்கப்பில் ஒரு பகுதியைப் போனிலோ அருகில் உள்ள அரசு மருத்துவமனையிலோ முடித்துக்கொள்ளும் வசதி, வராத அன்று "ஏம்மா வரலை" என்று விசாரிக்க ஒரு மனுஷி.

9. நம்ம பக்கத்துக் கிராமத்துப் பொம்பளைங்களை வச்சு எப்பவாவது ஆராய்ச்சி நடந்திருக்கா?

நடந்திருக்கிறது. அதுவும் உலகம் திரும்பிப் பார்த்த ஆய்வு, திண்டுக்கல் மாவட்டத்தில். 114 ஊர்ப் பகுதிகளைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். 57 பகுதிகளில் முப்பது முதல் ஐம்பத்தொன்பது வயதுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறுகிறதா என்று பார்க்கும் எளிய முறை. பார்த்தவர்கள் பயிற்சி பெற்ற நர்சுகள். மாற்றம் தெரிந்தால், தகுந்தவர்களுக்கு உறைய வைத்து அழிக்கும் சிகிச்சையையும் அவர்களே செய்தார்கள். அழைக்கப்பட்ட 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள்.

2007-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அம்பிளிக்கை கிறிஸ்தவ ஐக்கிய சமூக நல மையத்து மருத்துவர்களும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் சேர்ந்து செய்த வேலை இது. கிராமத்துப் பெண்கள் வரமாட்டார்கள், அவர்களுக்குப் புரியாது என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். ஊருக்குள் போய், பெண்ணே பெண்ணைப் பார்த்து, பார்த்த அன்றே சிகிச்சை என்று வைத்தால் முப்பதாயிரம் பேர் வருகிறார்கள்.

மகாராஷ்டிராவின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்திலும் 1,31,746 பெண்களிடம் இப்படி ஒரு ஆய்வு நடந்தது. ஒரே ஒரு முறை எச்.பி.வி. பரிசோதனை செய்ததிலேயே இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. உலக நாடுகள் இப்போது எச்.பி.வி. பரிசோதனைக்கு மாறுவதில் இந்தப் பெண்களுக்கும் பங்கு உண்டு.

10. சரி, பரிசோதனை பண்ணாம விட்ட ஊர்ல பொம்பளைங்க செத்தாங்களே. அது மட்டும் நியாயமா?

இதைக் கேட்டவர் ஒரு கல்லூரி மாணவி. நேர்மையான கேள்வி. திண்டுக்கல், உஸ்மானாபாத், அதே போல மும்பையில் நடந்த இன்னொரு பரிசோதனை ஆய்வு என மூன்றிலும் ஒப்பிடுவதற்காகப் பரிசோதனை செய்யாமல் விட்ட பெண்கள் சுமார் 1,40,000 பேர். அவர்களில் குறைந்தது 254 பேர் இந்தப் புற்றுநோயால் இறந்தார்கள் என்று ஒரு அமெரிக்க மருத்துவர் கணக்குச் சொல்லி, இது நெறி தவறிய செயல் என்று எழுதினார். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை உயிர் காக்கும் என்று பல்லாண்டுகளாகத் தெரிந்திருந்தும் ஏன் ஒன்றுமே செய்யாமல் விட்டார்கள் என்பது அவர் வாதம்.

ஆய்வை நடத்தியவர்களின் பதில்: அன்று இந்தியக் கிராமங்களில் எந்தப் பரிசோதனையும் வழக்கத்தில் இல்லை. பாப் ஸ்மியரை இங்கே பெரிய அளவில் நடத்தப் போதிய ஆய்வகங்களும் ஆட்களும் கிடையாது. எளிய முறை பலிக்குமா என்று தெரிய ஒப்பீடு வேண்டியிருந்தது.

என் கருத்தைக் கேட்டால், இரண்டாவது தரப்பின் தர்க்கம் புரிகிறது, மனம் முதல் தரப்போடு நிற்கிறது. "இங்கே ஒன்றுமே கிடையாது" என்பதையே அளவுகோலாக வைத்தால், அரசு செய்யத் தவறியது ஆய்வுக்கு வசதியாகிவிடும். குறைந்தபட்சம், பலன் இருக்கிறது என்று தெரிந்த நாளே ஒப்பீட்டுப் பகுதிப் பெண்களுக்கும் அதைக் கொடுக்க வேண்டும். அந்த வாக்குறுதி ஆய்வு தொடங்கும்போதே எழுத்தில் இருக்க வேண்டும்.

11. ஊசி போட்டு ஆந்திராவுல பிள்ளைங்க செத்துப்போச்சுன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் பாத் என்ற அமெரிக்க அமைப்பு, மாநில அரசுகளோடு சேர்ந்து ஏறக்குறைய 24,000 சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டது. அவர்களில் ஏழு பேர் பின்னர் இறந்தார்கள். பாம்புக்கடி, பூச்சிமருந்து, நீரில் மூழ்கியது போன்ற காரணங்கள்தான் விசாரணையில் வந்தன, தடுப்பூசிக்கும் இறப்புகளுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே ஊசியால் செத்தார்கள் என்பது சரியல்ல.

ஆனால் வேறொரு தவறு நடந்தது, அது உண்மை. கம்மத்தில் பலர் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள். பெற்றோரைக் கேட்காமல் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் ஒப்புதல் படிவங்களில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. மூன்றாவது பதிலில் இருக்கும் விதிகள் வந்ததற்கு இப்படிப்பட்ட சம்பவங்களும் காரணம்.

இதன் தொடர்ச்சி பலருக்குத் தெரியாது. அந்தப் பரபரப்பில் 2010 ஏப்ரலில் இந்தியாவில் நடந்துகொண்டிருந்த வேறொரு பெரிய எச்.பி.வி. தடுப்பூசி ஆய்விலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். இரண்டு தவணையா மூன்று தவணையா என்று பார்க்க வந்த ஆய்வு அது. பல ஆயிரம் சிறுமிகள் ஒரே ஒரு ஊசியோடு நின்றுபோனார்கள். ஆய்வாளர்கள் அவர்களை விட்டுவிடாமல் வருடக்கணக்கில் கவனித்தார்கள். இந்தப் புற்றுநோயை அதிகம் உண்டாக்கும் எச்.பி.வி. 16, 18 வகைகளின் நிலைத்த தொற்றை ஒரு தவணையே 95 சதவீதம் தடுத்தது தெரியவந்தது. கென்யாவில் 2,275 இளம்பெண்களிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணை போதும் என்று ஏற்றுக்கொண்டது. ஏழை நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! அதற்கு ஆதாரம் தந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளும் ஆப்பிரிக்கப் பிள்ளைகளும்.

12. ஏழை நாட்டுலதான் இப்படியா, வெளிநாட்டுல எல்லாம் ஒழுங்கா?

இல்லை. 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் இதே நோயோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவரைக் கேட்காமல் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலக ஆய்வகங்களில் வளர்கின்றன. அவர் அந்த வருடமே முப்பத்தொரு வயதில் இறந்தார்.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1966-லிருந்து ஒரு மருத்துவர், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களுக்கு முழுச் சிகிச்சை தராமல் என்ன ஆகிறது என்று கவனித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண்களுக்கு அது ஆய்வு என்பதே தெரியாது. சிலருக்குப் புற்றுநோய் வந்தது, இறந்தவர்களும் உண்டு. இரண்டு பெண்கள் 1987-ல் ஒரு பத்திரிகையில் எழுதி வெளிக்கொண்டு வந்தார்கள். நீதிபதி சில்வியா கார்ட்ரைட் 1988-ல் தந்த அறிக்கைக்குப் பிறகு அந்த நாட்டில் நோயாளிகளின் உரிமைகள் சட்டமாயின. கேட்காமல் பயன்படுத்துவதும், ஐந்தாவது, ஆறாவது பதில்களில் பார்த்தபடி கேட்காமலே ஒதுக்குவதும் எனக்கு ஒரே தவறின் இரண்டு பக்கமாகத்தான் தெரிகின்றன.

13. ஆய்வு முடிஞ்சப்புறம் அந்த மருந்து எங்களுக்குக் கிடைக்குமா?

கேட்காமல் விடவே கூடாத கேள்வி. இரண்டாவது பதிலில் சொன்ன பெம்ப்ரோலிசுமாப் ஆய்வில் மூன்று வருடத்தில் உயிரோடு இருந்தவர்கள் 74.8 சதவீதத்திலிருந்து 82.6 சதவீதமாக உயர்ந்தார்கள். நல்ல மருந்து. ஆனால் ஏறக்குறைய இரண்டு வருடம் போட வேண்டும், செலவு லட்சக்கணக்கில். நம் நாட்டுப் பெண்கள் ஆய்வில் பங்கெடுத்து, பிறகு அதே மருந்தை வாங்க முடியாமல் நிற்பது எப்படி நியாயமாகும்?

2019 விதிகளில் ஒரு வழி உண்டு. ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து உங்களுக்குத் தேவை, வேறு மாற்று இல்லை என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும். இது உங்களோடு முடியும் ஏற்பாடு. உங்கள் ஊரில் அடுத்து வரும் பெண்ணுக்குக் கிடைக்க வேண்டுமானால் விலை குறைய வேண்டும், காப்பீட்டில் சேர வேண்டும். அதனால்தான் இன்டர்லேஸ் போல விலை குறைந்த மருந்துகளை ஆராய்வதற்கு அரசுப் பணம் அதிகம் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பழைய மருந்தை ஆராய எந்தக் கம்பெனியும் முன்வராது.

14. ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு?

புது மருந்து ஆய்வினால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சை தர வேண்டும், இழப்பீடும் உண்டு. ஆய்வினால் இறப்பு நேர்ந்தால் வாரிசுக்கு இழப்பீடு சேரும். யார் பெயரை வாரிசாக எழுதியிருக்கிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள்.

15. டாக்டருங்க கட்டி சுருங்குச்சான்னுதான் பாக்குறாங்க. எங்க கஷ்டத்தை யார் கேக்குறா?

ஒரு அம்மா, கரண்ட் வைத்த பிறகு வந்த வயிற்றுப்போக்கினால் வருடக்கணக்கில் பஸ் ஏறவே பயப்படுகிறார். டாக்டரின் கேஸ் ஷீட்டில் அவர் "நோய் இல்லை" என்ற வெற்றிக் கணக்கு. டாட்டா மருத்துவமனையின் பார்சர் என்ற ஆய்வு 300 பெண்களிடம் இதைத்தான் முதன்மையான கேள்வியாக எடுத்தது. கரண்டைக் கூடுதல் துல்லியமாக, தினமும் படம் பார்த்து வைத்தால் குடல் தொந்தரவு குறையுமா? குறைந்தது. மூன்று வருடத்தில் குறிப்பிடத்தக்க குடல் பாதிப்பு 42 சதவீதத்திலிருந்து 21 ஆக இறங்கியது.

தாம்பத்தியத்தில் வலி, நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நிற்பது, சிறுநீர் கசிவு பற்றியெல்லாம் யாரும் கேட்பதில்லை, இவர்களும் சொல்வதில்லை. ஆண் டாக்டர், பின்னால் மாமியார் என்றால் எப்படிச் சொல்வார்கள்? ஆய்வைத் திட்டமிடும் மேசையில் சிகிச்சை முடித்த பெண்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும். நெறிமுறைக் குழுவில் ஒரு பெண்ணும், மருத்துவம் சாராத சாதாரண மனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அந்த இடங்களைப் பெயருக்கு நிரப்பாமல் இருந்தாலே நிறைய மாறும்.

16. எங்க வீட்டுப் பிள்ளை திருநம்பி. அவனுக்கும் இது வருமா? ஆய்வுல சேர்ப்பாங்களா?

கர்ப்பப்பை வாய் இருக்கும் எவருக்கும் வரலாம். திருநம்பிகள் பெண்கள் பிரிவு வாசலில் உட்காரக் கூச்சப்பட்டே பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். எச்.பி.வி. பரிசோதனைக்குத் தேவையான மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அவருக்கும் சரி, மேசையில் ஏறிப் படுக்க முடியாத மாற்றுத்திறனாளிப் பெண்களுக்கும் சரி, இது பெரிய உதவி. ஆய்வுப் படிவத்தில் "பெண்கள்" என்று மட்டும் இருந்தால், உள்ளே போவதற்கு முன் போனில் ஒருமுறை பேசிவிடுங்கள்.

17. எங்க ஆய்வு நடக்குதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? சேரலாமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்க.

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு என்று இணையதளம் இருக்கிறது, சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். 2009 ஜூன் 15-லிருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். எந்த ஆஸ்பத்திரி, யார் பொறுப்பு, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் அதில் இருக்கும். வீட்டில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளையை உட்கார வைத்துத் தேடலாம். பதிவு எண் கேட்டால் சொல்லத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

சேரலாமா என்பதை நான் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது ஒரு நோட்டில் இதை எழுதிக் கொண்டுபோங்கள். சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை? சேர்ந்தால் கூடுதலாக எத்தனை நாள் வர வேண்டும், பஸ் காசு உண்டா? என்னைப் போன்ற ஸ்டேஜில் உள்ளவர்களும் இந்த ஆய்வில் இருக்கிறார்களா? முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா? ராத்திரி காய்ச்சல் அடித்தால் எந்த நம்பருக்குப் போன் போடுவது? கடைசியாக, முடிவு வந்ததும் எங்களுக்கும் சொல்வீர்களா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ஒரு இளம் டாக்டர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்று சொல்லி, படிவத்தின் ஓரத்தில் அந்த அம்மாவின் போன் நம்பரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டார்.